முதல் பிளமெங்கோ கிதாரைத் தேர்ந்தெடுத்தல்

இசை பயில விழைவோர் முதலில் ஆசிரியரைத் தேடுவர். அடுத்துக் கருவியைத் தேடுவர். வீணையோ, வயலினோ, மிருதங்கமோ கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஏற்ற கருவி எதுவெனச் சொல்ல நம் குடும்பங்களில் எவரேனும் ஒரு பெரியவர் இருப்பார். ஆனால், தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ்க் குடும்பத்து இளைஞர் ஒருவர், ஸ்பெயின் நாட்டின் பிளமெங்கோ இசையைக் கேட்டு உள்ளம் பறிகொடுத்து, 'அந்தக் கிதாரை நானும் வாசிக்க வேண்டும்' என்று சொன்னால், வழி காட்ட வீட்டில் ஒருவரும் இரார். கடைக்காரரும் பெரும்பாலும் அதன் நுட்பம் அறியார். மாதச் சம்பளத்தில் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்த பணம் பொருந்தாத கருவி ஒன்றில் போய் முடங்கும். விரல் நொந்து, ஒலி கசந்து, ஆறு திங்களுக்குள் கருவி பரண் ஏறும். தமக்கு இசை வாய்க்கவில்லை என்று அந்த இளைஞர் முடிவு கட்டிவிடுவார். குறை தம்மிடம் இல்லை, கருவியிலேயே இருந்தது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். இவ்விழப்பு நேராதவாறு முதற்கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்கே காண்போம்.

கருவியைப் பற்றிப் பேசுமுன் அது பிறந்த சூழலை அறிதல் வேண்டும். பிளமெங்கோ, ஸ்பெயினின் தென்பகுதியாகிய ஆந்தலூசியாவில் வளர்ந்த கலை. செவீல், ஹெரெஸ், காதிஸ், கிரனாடா முதலிய ஊர்கள் அதன் தாயகம். அங்கு வாழும் ஹிதானோ எனப்படும் மக்கள் இக்கலையைப் பேணி வளர்த்ததில் பெரும்பங்கு கொண்டவர்கள். அவர்கள் 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்த ரோமா இனத்தவர். ரோமா மக்களின் மொழி வட இந்திய மொழிகளோடு உறவுடையது என்பதை மொழிநூலார் நிறுவியுள்ளனர். அது கொண்டு பிளமெங்கோவை இந்திய இசை என்று கூறிவிடுதல் பொருந்தாது. பல இன மக்களின் இசை மரபுகள் ஆந்தலூசிய மண்ணில் கலந்து, அங்கேயே உருப்பெற்ற கலை அது. 2010ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

இக்கலையில் முதலிடம் வாய்ப்பாட்டுக்கே உரியது. அடுத்து ஆடல், அவற்றுக்குத் துணையாகக் கைத்தட்டலும் கிதாரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாட்டும் ஆட்டமும் நிகழ்ந்த சிற்றுண்டி மன்றங்கள் ஆந்தலூசிய நகரங்களில் பெருகியபோது, கிதார் கலைஞர் அங்கே நிலையான இடம் பெற்றார். பாடகரின் குரலைத் தாங்குதல், ஆடுவோரின் காலடியோசைக்கு ஈடுகொடுத்தல், தாளத்தைத் தவறாது நிறுத்துதல் ஆகியவை அவருடைய கடமைகள். கிதாரைத் தனிக் கச்சேரிக் கருவியாக உயர்த்திய ரமோன் மொந்தோயா 1879ஆம் ஆண்டு பிறந்து 1949ஆம் ஆண்டு மறைந்தவர். அவருக்குப் பின் சபீக்காஸ், பாக்கோ தெ லூசியா போன்றோர் அக்கருவியின் புகழை உலகெங்கும் பரப்பினர். எனினும், பக்கவாத்தியமாக நின்ற அந்தப் பழைய கடமையே இன்றளவும் பிளமெங்கோ கிதாரின் உடலமைப்பை வகுத்து நிற்கிறது. இதை மனத்தில் கொண்டால் பின்னர் வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

இன்று நாம் காணும் ஸ்பானியக் கிதாரின் வடிவை நிலைநிறுத்தியவர் அந்தோனியோ தெ தோரஸ் என்னும் கைவினைஞர். அவர் அல்மெரீயா வட்டாரத்தில் 1817ஆம் ஆண்டு பிறந்து 1892ஆம் ஆண்டு மறைந்தவர். ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் தந்தி நீளமும், மேற்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் மெல்லிய தாங்குகட்டைகளும் அவர் கருவிகளால் மரபாயின. சாஸ்திரிய இசைக்கு ஒரு கிதார், பிளமெங்கோவுக்கு வேறொரு கிதார் என்ற கூரிய பிரிவு அவர் காலத்தில் இல்லை. உயர்ந்த விலை கொடுப்போர்க்கு அயல்நாட்டுக் கருமரத்திலும், எளியோர்க்கு உள்நாட்டு சைப்ரஸ் மரத்திலும் கருவிகள் செய்யப்பட்டன. பாட்டு மன்றங்களில் வாசித்த ஏழைக் கலைஞர் கையில் சைப்ரஸ் கிதாரே கிடைத்தது. காலப்போக்கில் அதன் ஒலியே பிளமெங்கோவின் ஒலியென மக்கள் செவி பழகிற்று. மலிவு கருதித் தொடங்கிய ஒன்று மரபாக உயர்ந்தமைக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

சைப்ரஸ் வெளிர்மஞ்சள் நிறமுடையது, எடை குறைந்தது. அம்மரத்தால் முதுகும் பக்கங்களும் அமைந்த கிதாரை ஸ்பானியர் 'பிளாங்கா' என்பர். வெண்ணிறமானது என்பது பொருள். மீட்டியவுடன் ஒலி சட்டென்று எழுந்து விரைவில் அடங்கிவிடுவது அதன் இயல்பு. விரைந்து செல்லும் தாளத்துக்கு அது மிகவும் ஏற்றது. ஒரு வீச்சின் ஒலி நீண்டு நின்றால் அடுத்த வீச்சு அதில் கலந்து தெளிவிழக்கும் அன்றோ? மற்றொரு வகை 'நெக்ரா' எனப்படும். கரியது என்று பொருள். அதன் முதுகும் பக்கங்களும் கருமரத்தால் ஆனவை. ஒலி சற்றுக் கனத்து, நீண்டு நிற்கும். தனிக் கச்சேரி மேடைகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வகை பரவலாயிற்று. இங்கே நமக்கு அணுக்கமான செய்தி ஒன்றுண்டு. பிரேசில் நாட்டுக் கருமரத்தின் அனைத்துலக வணிகம் 1992ஆம் ஆண்டில் தடைக்குள்ளான பின்னர், கருவி செய்வோர் பெரிதும் நாடுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் விளையும் ஈட்டி மரத்தையே. தோதகத்தி என்றும் அதனைச் சொல்வதுண்டு. ஸ்பெயினில் உருவாகும் நெக்ரா கிதார்கள் பலவற்றின் முதுகுப் பலகை நம் மலைகளுக்கு உரிய மரமாகும்.

மரத்தைவிட இன்றியமையாதது, தந்திகள் விரற்பலகையினின்று எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்பது. சாஸ்திரியக் கிதாரில் பன்னிரண்டாம் மெட்டின் மேல் தடித்த தந்தி மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் வரை உயர்ந்து நிற்கும். பிளமெங்கோ கிதாரில் அவ்வுயரம் பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர்தான். கழுத்தை உடலோடு பொருத்தும் கோணமும் வேறு. ஆதலால் குதிரையின் அருகே தந்திகள் மேற்பலகைக்கு மேல் ஏழெட்டு மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். சாஸ்திரியக் கிதாரில் இது பத்து, பன்னிரண்டு வரை செல்லும். தந்தி தாழ்ந்திருப்பதால் இடக்கை விரல்கள் அழுந்தாமல் விரைந்து ஓடும். வலக்கை விரல்கள் தந்தியை மீட்டும் போதே மேற்பலகையையும் எளிதில் தட்டும்.

தந்தி தாழ்ந்தால், அழுத்தி வாசிக்கும்போது மெட்டில் உராய்ந்து ஒரு மெல்லிய கரகரப்பு எழும். சாஸ்திரியக் கிதார் வாசிப்போர் அதனைக் குறையெனத் தள்ளுவர்; பிளமெங்கோ கலைஞர் ஓரளவு வேண்டி ஏற்பர். தம்புராவில் ஜீவாளி என்னும் நூலிழையைச் செருகி, நாதத்துக்கு ரீங்காரம் ஊட்டும் மரபை அறிந்த நமக்கு இது வியப்பன்று. ஆனால் அளவு உண்டு. வலிந்து வீசும்போது மட்டும் எழும் கரகரப்பு ஏற்கத்தக்கது. மென்மையாக மீட்டும்போதே ஒலி நசுங்கினால் அது குறைபாடே.

பிளமெங்கோ கலைஞர் விரல் நகத்தால் மேற்பலகையைத் தட்டித் தாளம் எழுப்புவதைக் 'கோல்பே' என்பர். இத்தட்டலைத் தாங்குவதற்காக ஒலித்துளையைச் சுற்றி மெல்லிய தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். இக்காலத்தில் அது பெரும்பாலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனது. தகடு இல்லாத கருவியில் இப்பயிற்சி செய்தால் சில வாரங்களிலேயே பலகை கீறிச் சிதையும்.

இனி வாங்குவதைப் பற்றி நோக்குவோம். மேற்கண்ட இயல்புகள் யாவும் பொருந்திய, தேர்ந்த கைவினைஞர் செய்த ஸ்பானியக் கிதார் மிக விலையுயர்ந்தது. தொடங்குவோர் அதனைத் தேடிக் கடன்படத் தேவையில்லை. மற்றொரு புறம், 'பிளமெங்கோ' என்று பெயர்ச்சீட்டு ஒட்டிய மலிவுக் கருவியை அப்பெயர் கருதி வாங்குதலும் தவறு. பெயர்ச்சீட்டு தந்தியின் உயரத்தைக் குறைக்காது, கழுத்தை நேராக்காது. முதல் ஈராண்டுப் பயிற்சிக்கு, நைலான் நரம்பு பூட்டிய நல்லதொரு சாஸ்திரியக் கிதாரே போதுமானது. அதன் தந்தி உயரத்தைத் தக்கவாறு தாழ்த்தி, தட்டுத் தகடு ஒன்றையும் ஒட்டிக்கொண்டால், விரல் வீச்சு, கட்டைவிரல் நடை, மேற்பலகைத் தட்டல் ஆகிய அடிப்படைப் பயிற்சிகள் யாவற்றையும் அதில் செய்யலாம். மரத்தின் பெயரையும் சீட்டின் பெயரையும் பார்ப்பதற்கு முன், கை நோகாமல், சுருதி பிசகாமல் வாசிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். முதற்கருவியைத் தேர்வதில் தலையாய விதி இதுவே.

இரண்டாவது விதி நரம்பைப் பற்றியது. நம் நாட்டுக் கடைகளில் கிதார் என்று கேட்டால் பெரும்பாலும் எஃகுத் தந்தி பூட்டிய கருவியைக் காட்டுவர். அது வேறு இனம். அதன் கழுத்து குறுகியது. எஃகுத் தந்தியை நகத்தால் வீசினால் நகம் தேயும், விரல் புண்படும். பிளமெங்கோவுக்கு முற்காலத்தில் விலங்கு நரம்பும், 1940களுக்குப் பின் நைலானுமே வழங்கிவருகின்றன. நைலான் கிதாரை வாங்கிய பின் ஒலி போதவில்லையென்று எஃகுத் தந்தி மாட்டுவோரும் உண்டு. ஆறு நைலான் நரம்புகளும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 40 கிலோகிராம். எஃகுத் தந்திகளின் விசை 70 கிலோவுக்கும் மேல். அவ்விழுப்பைத் தாங்காமல் குதிரை பெயர்ந்துவிடும், அல்லது மேற்பலகை வளைந்துவிடும். இதனை ஒருபோதும் செய்தலாகாது.

மூன்றாவது, மேற்பலகை. ஒலியின் உயிர்நிலை அதுவே. மலிவான கருவிகளில் அது மெல்லிய ஏடுகளை ஒட்டிய ஒட்டுப்பலகையாக இருக்கும். சற்று உயர்ந்தவற்றில் ஸ்ப்ரூஸ் அல்லது சீடார் மரத்தின் ஒற்றைப் பலகையாக இருக்கும். ஒலித்துளையின் விளிம்பை உற்று நோக்கினால் வேறுபாடு புலனாகும். மேலே காணும் மர வரிகள் விளிம்பின் கனம் முழுவதும் தொடர்ந்து இறங்கினால் ஒற்றைப் பலகை. இடையில் ஏடேடாகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒற்றைப் பலகையின் ஒலி தெளிவும் வலிவும் உடையது. பிளமெங்கோவுக்கு ஸ்ப்ரூஸே மரபு. பணவசதி குறைந்தோர் ஒட்டுப்பலகைக் கருவி வாங்குவதில் இழுக்கில்லை. அது வெயிலையும் மழையையும் ஓரளவு தாங்கும். முதுகும் பக்கங்களும் ஒட்டுப்பலகையாக இருப்பதைப் பற்றித் தொடக்கத்தில் கவலைப்பட வேண்டா.

கடையில் கருவியைக் கையில் வாங்கியதும் செய்யவேண்டிய சோதனைகள் சில உண்டு. தில்லியின் தரியாகஞ்ச், கொல்கத்தாவின் லால் பஜார் போன்ற இசைக்கருவிக் கடைத்தெருக்கள் அருகிலிருந்தால், ஒரே வகையில் இரண்டு மூன்று கருவிகளை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில், தலைப்பக்கமிருந்து கழுத்தின் நீளவாட்டத்தில் கண்ணோட்டுக. முறுக்கோ கோணலோ தென்பட்டால் அக்கருவியை வைத்துவிடுக. பின்னர் ஒரு தந்தியை முதல் மெட்டிலும் பன்னிரண்டாம் மெட்டிலும் ஒருசேர அழுத்தி நடுவில் பார்க்கவும். மயிரிழையளவு இடைவெளி இருப்பது முறை. விரல் நுழையுமாறு வளைந்திருந்தால் கழுத்து தளர்ந்துவிட்டது என்பது பொருள். நைலான் கிதார்கள் பலவற்றில் கழுத்தை நிமிர்த்தும் இரும்புத் தண்டு இராது. ஆகையால் இக்குறையைப் பின்னர்ச் சரிசெய்தல் கடினம்.

அடுத்து, ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மென்மையாக மீட்டிச் செல்க. எங்கேனும் ஒலி நசுங்கினாலோ, அடுத்த மெட்டின் ஒலியே ஒலித்தாலோ அங்கே மெட்டு உயர்ந்திருக்கிறது. பின்பு பன்னிரண்டாம் மெட்டின் நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் மணியோசை போன்ற மேற்சுரம் ஒன்று கேட்கும். அதே மெட்டை அழுத்தி மீட்டி இரண்டையும் ஒப்பிடுக. இரண்டும் ஒரே சுரமாக ஒலித்தல் வேண்டும். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் அக்கருவியில் மேல் மெட்டுகள் என்றும் அபசுரமாகவே இருக்கும். சுருதி உணர்வு வளராத தொடக்க காலத்தில் செவியைக் கெடுக்கும் கருவியைவிடத் தீங்கானது வேறில்லை.

குதிரையின் பின் விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பார்க்கவும். தாள் உள்ளே சென்றால் பசை விட்டிருக்கிறது. பிரடைகளைத் திருகிப் பார்க்கவும். பழைய பிளமெங்கோ கிதார்களில் வயலினுக்குப்போல் மரப் பிரடைகளே இருந்தன. இக்காலக் கருவிகளில் பற்சக்கரங்கள் உள்ளன. தொடங்குவோர்க்கு அவையே வசதி; அவை தளர்வின்றி, சீராகச் சுழல வேண்டும்.

குதிரையின் மேல், தந்திகளைத் தாங்கும் வெள்ளை எலும்புத் துண்டு ஒன்றைக் காணலாம். தந்தி உயரத்தைத் தாழ்த்துவது அதன் அடிப்புறத்தைத் தேய்ப்பதாலேயே நடைபெறும். பன்னிரண்டாம் மெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமாயின் இத்துண்டில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஆதலின் குதிரைக்கு மேல் அத்துண்டு மூன்று நான்கு மில்லிமீட்டராவது தெரியும் கருவியையே வாங்குக. ஏற்கெனவே அது குதிரையோடு குதிரையாகத் தாழ்ந்திருந்தும் தந்தி உயரமாக நின்றால், அக்கருவியைத் திருத்த இயலாது. தேய்க்கும் வேலையைப் பழகிய கைவினைஞரிடம் விடுவதே நலம். பழைய துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு புதியதொன்றைத் தேய்க்கச் சொன்னால் இழப்புக்கு இடமில்லை. இச்சிறு செலவு, விலையுயர்ந்த மரத்துக்குச் செலவிடும் பணத்தைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

வாசிப்போரின் உடலளவையும் கருத வேண்டும். பெரியவர்க்கு 65 சென்டிமீட்டர் தந்தி நீளம் பொதுவாகப் பொருந்தும். பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் நீளமுள்ள முக்கால் அளவுக் கருவி ஏற்றது. 'வளரும் பிள்ளைதானே' என்று பெரிய கருவியை வாங்கிக் கொடுத்தால், தோளும் மணிக்கட்டும் கோணிப் பழகிவிடும். அப்பழக்கத்தைப் பின்னர் மாற்றுவது அரிது.

பழைய கருவி கிடைத்தால் அஞ்ச வேண்டா. மேற்கூறிய சோதனைகளில் தேறிய பழைய கிதார், தேறாத புதியதைவிடச் சிறந்தது. மேற்பலகையில் கீறல்கள் இருப்பது அழகுக்குக் குறையே தவிர ஒலிக்குக் குறையன்று. மரத்தின் வரியோடு ஓடும் வெடிப்பும், ஒலித்துளைக்கும் குதிரைக்கும் இடையே பலகை உள்வாங்கியிருத்தலும் விலக்கத்தக்கவை. அஞ்சல் வழி வாங்க நேர்ந்தால், திருப்பியனுப்பும் உரிமை உண்டா என்பதை முன்னரே உறுதி செய்துகொண்டு, வந்த அன்றே எல்லாச் சோதனைகளையும் செய்துவிடுக.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்குப் பணியிட மாற்றம் புதிதன்று. மும்பையின் மழைக்காலத்தில் வாங்கிய கிதார், தில்லியின் கோடைக்கோ வெப்பமூட்டி எரியும் குளிர்கால அறைக்கோ சென்று சேர்ந்தால், மரம் தன் ஈரத்தை இழந்து சுருங்கும். ஒற்றைப் பலகையாயின் வெடிக்கவும் கூடும். ஈரக்காற்று மிகுந்தால் பலகை உப்பித் தந்தி உயரும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை இருப்பது கிதாருக்கு உகந்தது. வறண்ட காலத்தில் கருவியைப் பெட்டியிலிட்டு மூடி, ஈரப்பதம் தரும் சிறு சாதனத்தை உள்ளே வைக்கலாம்; மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இடலாம். சுவரை ஒட்டியும், சமையலறைப் பக்கத்திலும், வெயிலில் நிறுத்திய காரிலும் வைத்தலாகாது. ரயிலில் அனுப்பும்போது தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, தலைப்பகுதி ஆடாதவாறு துணி சுற்றி, கெட்டியான பெட்டியில் அனுப்புக.

கருவிக்கென ஒதுக்கிய தொகை முழுவதையும் கருவியின் மேலேயே செலவிடுதல் வேண்டா. ஐந்தில் ஒரு பங்கையேனும் மற்றவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தந்தி உயரம் திருத்துதல், தட்டுத் தகடு, ஓர் உபரித் தந்தித் தொகுதி, பெட்டி ஆகியவை அதில் அடங்கும். கேப்போ என்னும் பிடிப்பானும் இன்றியமையாதது. பாடுவோர் தத்தம் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொள்வதுபோல, கிதார் கலைஞர் அதனை ஏதேனும் ஒரு மெட்டில் பூட்டிச் சுருதியை உயர்த்திக்கொள்வார்.

கருவி வாங்கும் நாள்வரை காத்திராமல் தொடங்கக்கூடிய பயிற்சி ஒன்றுண்டு, அதற்குச் செலவில்லை. பிளமெங்கோவின் உயிர் அதன் தாளக்கட்டு. 'சொலெயா' என்னும் வகையில் ஓர் ஆவர்த்தம் பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் விழும் இடங்கள் 3, 6, 8, 10, 12. கையால் தாளமிட்டுப் பழகிய நம் பிள்ளைகள் இதனைச் சில நாட்களிலேயே கைவரப் பெறலாம். பழைய பாடகர்களின் இசைத்தட்டுப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டே கைதட்டிப் பழகினால், கருவி கைக்கு வரும் முன்பே தாளம் உடம்பில் ஊறியிருக்கும்.

சுருங்கச் சொன்னால், நைலான் நரம்பு, நேரான கழுத்து, பிசகாத சுருதி, தாழ்த்தத் தக்க தந்தி உயரம், கைக்கேற்ற அளவு ஆகிய ஐந்தும் அமைந்த கருவியே தொடங்குவோர்க்கு நல்ல கருவி. சைப்ரஸ் மரத்தையும் கைவினைஞர் புகழையும் பின்னர்த் தேடிக்கொள்ளலாம். ஈராண்டுப் பயிற்சிக்குப் பின் தம் கையும் செவியும் எதை வேண்டுகின்றன என்பதை அந்த இளைஞரே அறிவார். இரண்டாவது கருவியைத் தேர்ந்தெடுக்க அப்போது அவருக்கு எவருடைய துணையும் வேண்டியிராது.